வளையத்துக்கு ஒரு வாய் வேண்டும்

கதவையும் நிலையையும் இழைக்கும் தச்சன், இரண்டுக்கும் இடையில் ஓர் ஓலை நுழையும் அளவு இடம் விட்டே பொருத்துவான். மாரி பிறந்தால் மரம் ஈரத்தை உறிஞ்சிப் பருக்கும் என்பது அவனுக்குத் தெரியும். கோடையில் அந்த இடைவெளியைக் கண்டு முகஞ் சுளித்து, "இறுக்கமாகப் பொருத்தித் தா" என்று வற்புறுத்தும் வீட்டுக்காரர், மார்கழி மழையில் கதவைத் திறக்கத் தோள் கொடுத்துத் தள்ளவேண்டி வரும். இடைவெளி என்றாலே குறைபாடு என்று எண்ணுவது நம் மனத்தின் இயல்பு. அதனைத் தெரிந்தே விட்டு வைத்தவனுடைய நோக்கத்தை விசாரிப்பவர் சிலரே.

இவ்வாரம் நாம் எடுத்துக்கொண்ட விஷயமும் ஓர் இடைவெளி பற்றியதே. அது மோட்டார் காரின் எஞ்சினுக்குள், பிஸ்டனைச் சுற்றியிருக்கும் வளையத்தின் இரு நுனிகளுக்கும் நடுவே இருப்பது. நகத்தின் தடிப்பில் ஏறக்குறையப் பாதி அளவினது. கார் இல்லாத வாசகர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். படுவான்கரை வயலில் உழும் லாண்ட்மாஸ்ரர், தோட்டத்துக்கு நீர் இறைக்கும் பம்பு, வாவியில் ஓடும் தோணியின் மோட்டார் ஆகிய எல்லாவற்றினுள்ளும் இதே வளையம் இருக்கிறது. அளவுகள் வேறுபடும், நியாயம் ஒன்றுதான்.

பழைய எஞ்சினும் நம் நாடும்

மேல்நாடுகளில் தேய்ந்த எஞ்சினைக் கழித்துவிட்டு வேறொன்றை வாங்குவது எளிது. நமது நாட்டில் அப்படியல்ல. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடியினால் கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. அதற்கு முன்னர் வந்திறங்கிய மொறிஸ் மைனர், ஒஸ்ரின் போன்ற கார்களையே மக்கள் பல ஆண்டுகள் பழுதுபார்த்து ஓட்டினார்கள். பிற்காலத்திலும் கதவு ஒருமுறை மூடிற்று. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, 2025ஆம் ஆண்டு பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்குத் திறந்துவிடப்பட்டது. திறந்த பின்னரும் வரியின் பாரத்தால் புதிய கார் என்பது சாதாரண உத்தியோகக் குடும்பத்துக்கு எட்டாக் கனியாகவே இருக்கிறது. ஆகவே உள்ள எஞ்சினைப் பிரித்துப் புதுப்பிப்பது நம்மவர்க்கு வெறும் பொழுதுபோக்கன்று. குடும்பத்தின் வரவு செலவைத் தொடும் காரியம்.

குருக்கள்மடத்தில் நமக்குப் பழக்கமான இளைப்பாறிய தபாலதிபர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் தந்தையார் விட்டுச்சென்ற 1959ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் ஒன்று உண்டு. மாதந்தோறும் மனைவியாரை மட்டக்களப்புக்கு வைத்தியரிடம் அழைத்துச் செல்வது அந்தக் காரில்தான். சென்ற ஆண்டு அது நீலப் புகை கக்கத் தொடங்கிற்று. காலையில் இயங்க மறுத்தது. ஒயிலைத் தண்ணீர் போலக் குடித்தது. சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தை எடுத்து, புதிய வளையங்கள் ஒரு தொகுதி வாங்கி, எஞ்சினைப் பிரிக்கச் செய்தார்.

பிரித்த அன்று மாலையே கவலை பிடித்துக்கொண்டது. புதிய வளையத்தை உருளைக்குள் வைத்து, அதன் வாயைத் தகட்டு அளவுகோலால், பட்டறைக்காரர் சொல்லும் பீலர் கேஜினால், அளந்தார்கள். ஆயிரத்தில் ஓர் அங்குலத்தைப் பட்டறை வழக்கில் ஒரு 'தௌ' என்பர். கைநூலில் ஏழு முதல் பன்னிரண்டு தௌ வரை என்று இருந்தது. அளவுகோலோ முப்பத்தைந்து காட்டிற்று.

"தம்பி, புது றிங்கின் வாய் இப்படி விரிஞ்சு கிடக்குதே! கடைக்காரன் வேறு காரின் றிங்கைத் தந்து நம்மை ஏமாத்திப் போட்டானோ?" என்றார் தபாலதிபர்.

"யோசிக்க வேணாம், ஐயா. இருபது தௌ ஓவர்சைஸ் றிங் வாங்கித் தாங்க. நுனியை அரத்தால ராவி வாயைப் பத்துத் தௌவுக்குக் கொண்டு வாறன். புகை நிண்டு போகும்" என்றான் பட்டறை இளைஞன்.

இளைஞன் கெட்டிக்காரன், வஞ்சகம் அறியாதவன். ஆயினும் அவன் கூறிய மருந்து நோயினும் கொடியது. ஏன் என்பதை விளங்கிக்கொள்ள வேண்டுமானால், வளையத்தின் வேலை என்னவென்று முதலில் அறியவேண்டும்.

உலக்கையும் உரலும்

நமது பாடநூல்கள் பிஸ்டனை முசலம் என்று கூறும். முசலம் என்றால் உலக்கை. உருளை என்னும் உரலுக்குள் இந்த உலக்கை மேலும் கீழும் ஓடுகிறது. மேலே எரிவாயு வெடித்து அதனைக் கீழே தள்ளுகிறது. வாயு பக்கத்தால் நழுவிக் கீழே போய்விட்டால் தள்ளும் வலிமை வீணாகும். உலக்கையை உரலோடு இறுக்கமாகச் செய்துவிட்டாலோ, சூடேறியதும் அது பருத்து இறுகி நின்றுவிடும். எனவே பிஸ்டனைச் சற்றுத் தளர்வாகச் செய்து, அந்தத் தளர்வை வேறொன்றினால் அடைக்கவேண்டியிருக்கிறது.

இந்த அடைப்பு, நீராவி இயந்திரத்தின் பிறப்போடு பிறந்த தலைவலியாகும். 1712ஆம் ஆண்டில் நியூகொமன் அமைத்த இயந்திரத்தில் பிஸ்டனைச் சுற்றித் தோலை வைத்து, மேலே தண்ணீரை ஊற்றி அடைத்தார்கள். பின்னர் சணற்கயிற்றைக் கொழுப்பில் தோய்த்துச் சுற்றினார்கள். ஜேம்ஸ் வாட்டுக்கு உருளைகளைக் குடைந்து கொடுத்த ஜோன் வில்கின்சன், 50 அங்குல விட்டமுள்ள உருளையொன்றில் ஒரு பழைய ஷில்லிங் நாணயத்தின் தடிப்புக்கு மேற்படாத பிழையோடு குடைந்ததை அக்காலத்தார் அதிசயமாகப் பேசினர். ஒரு நாணயத் தடிப்புப் பிழை அன்று பெருமை; இன்று அதனோடு ஒரு மொறிஸ் மைனர் இயங்கவே மாட்டாது.

கயிறும் தோலும் விரைவில் தேயும், அடிக்கடி மாற்றவேண்டும். இதற்கு முடிவு கண்டவர் ஜோன் றாம்ஸ்பொட்டம் என்னும் ஆங்கிலேயப் புகையிரதப் பொறியியலாளர். 1850களின் முற்பகுதியில் அவர் உலோக வளையமொன்றை உருளையிலும் சற்றுப் பெரிதாக வளைத்து, ஓரிடத்தில் வெட்டிவிட்டார். அதனை நெருக்கி உள்ளே விட்டால், தன் வில்விசையினால் விரிந்து சுவரைத் தொட்டுக்கொண்டே ஓடிற்று. தேயத் தேயத் தானாகவே விரிந்து கொடுத்தது. அந்த வெட்டுத்தான் இன்று நாம் பேசும் வாய். வாயில்லாத வளையம் வில்லாக மாட்டாது. பிஸ்டனின் தவாளிப்பில் ஏறவும் மாட்டாது.

வாய் எவ்வளவு?

வண்டிற் சில்லுக்கு இரும்பு வளையம் பூட்டும் கொல்லனைப் பார்த்தவர்களுக்கு மேலே சொல்லப்போவது எளிதில் விளங்கும். குளிர்ந்த நிலையில் சில்லிலும் சிறிதாக இருக்கும் வளையத்தை நெருப்பிலிட்டுப் பழுக்கக் காய்ச்சுவான். அது விரிந்து சில்லின்மேல் இறங்கும். தண்ணீர் ஊற்றியதும் சுருங்கி மரத்தைக் கவ்வும். உஷ்ணம் இரும்பை நீட்டும் என்பதே அவன் அறிந்த பௌதிகம்.

எஞ்சினில் என்ன நடக்கிறது? உருளைச் சுவரைச் சுற்றித் தண்ணீர் ஓடி அதனைக் குளிர்விக்கிறது. வளையமோ நெருப்பின் அருகே, பிஸ்டனின் தலைக்குச் சற்றுக் கீழே இருக்கிறது. சுவரும் வளையமும் ஒரே அளவு சூடேறினால் இரண்டும் சேர்ந்தே விரியும், வாய் மூடாது. சுவரைவிட வளையம் எவ்வளவு கூடுதலாகச் சூடேறுகிறதோ அந்த வித்தியாசமே வாயை நெருக்குகிறது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1956 முதல் 1962 வரை மொறிஸ் மைனரில் பொருத்தப்பட்ட 948 கன சென்ரிமீற்றர் எஞ்சினின் உருளை விட்டம் 62.9 மில்லிமீற்றர். பரிதி 197.6 மில்லிமீற்றர். வார்ப்பிரும்பு ஒரு பாகை சூடேறினால் தன் நீளத்தில் பத்து இலட்சத்தில் ஏறக்குறைய 11 பங்கு நீளும். வளையம் சுவரிலும் 100 பாகை சென்ரிகிறேட் கூடுதலாகக் காய்வதாக வைத்துக்கொண்டால், அது நீளும் அளவு 0.217 மில்லிமீற்றர், அதாவது எட்டரைத் தௌ. கைநூல் கூறும் ஏழு முதல் பன்னிரண்டு என்ற எல்லை எங்கிருந்து வந்ததென்பது இப்போது புலப்படும். நாம் கொண்ட 100 பாகை ஒரு மதிப்பே. ஊருக்குள் மெல்ல ஓடும் காரில் அது குறையலாம். நால்வரை ஏற்றிக்கொண்டு சித்திரை வெயிலில் நெடுந்தூரம் ஓடும்போது கூடலாம். ஆகவே எல்லையின் மேற்பாதியில், பத்துத் தௌவை ஒட்டி விடுவது நன்று. கைநூல் கிடையாத எஞ்சினுக்குப் பட்டறைக்காரர் ஒரு பொதுவிதி வைத்திருக்கிறார்கள். உருளை விட்டத்தில் ஓர் அங்குலத்துக்கு மூன்று முதல் நான்கு தௌ என்பது அவ்விதி.

இரு பிழைகளில் எது பெரிது?

வாய் தேவைக்குக் குறைந்தால் என்ன? எஞ்சின் சூடேறும்போது இரு நுனிகளும் ஒன்றோடொன்று முட்டும். முட்டிய பின்னும் வளையம் நீள விரும்பும், நீள இடமில்லை. அப்போது அது பெரும் பலத்தோடு சுவரை அழுத்தும். ஒயிற்படலம் கிழியும்; சுவர் கீறுபடும்; வளையம் முறியும்; சில வேளைகளில் பிஸ்டனின் விளிம்பையும் உடைத்துக்கொண்டு போகும். பட்டறையில் குளிர்ந்த எஞ்சினைக் கையால் சுற்றிப் பார்க்கும்போது இந்த ஆபத்தின் அறிகுறி சிறிதும் தெரியாது. சில மைல் ஓடிய பின்னரே, வீட்டுக்கும் ஊருக்கும் நடுவழியில், அது வெளிப்படும்.

வாய் சற்று மிஞ்சினால் என்ன? சிறிது வாயு நழுவும். ஆயினும் நழுவும் வழி, வாயின் அகலமும் பிஸ்டனுக்கும் சுவருக்கும் இடையிலுள்ள ஒடுங்கிய வெளியும் சேர்ந்த சிறு துவாரம், ஊசி முனையளவினது. நிமிடத்துக்கு 3000 முறை சுழலும் எஞ்சினில் பிஸ்டன் ஒருமுறை கீழிறங்க எடுக்கும் நேரம் செக்கனில் நூறில் ஒரு பங்கு. அந்தக் கண நேரத்தில் ஊசித் துவாரத்தால் தப்பக்கூடியது அற்பமே. பன்னிரண்டுக்குப் பதில் பதினைந்து தௌ என்று கண்டு நித்திரையை இழக்கவேண்டியதில்லை.

காலையில் எஞ்சினை இயக்கும்போது மட்டும் நிலைமை வேறு. அப்போது அது நிமிடத்துக்கு 120 முறை சுழல்கிறதென்று கொண்டால், பிஸ்டனின் ஓர் ஓட்டத்துக்குக் கால் செக்கன் ஆகும். அதாவது இருபத்தைந்து மடங்கு நேரம். வாயு ஆறுதலாக நழுவிவிடும். மிகத் தேய்ந்த எஞ்சின் காலையில் அடம்பிடிப்பதும், ஒருமுறை இயங்கிவிட்டால் ஓரளவு ஒழுங்காக ஓடுவதும் இதனால்தான்.

ஆக, குறைந்த வாய் எஞ்சினை உடைக்கும்; மிஞ்சிய வாய் சிறிது வலுவைக் குறைக்கும். ஐயம் வந்தால் மிகுதியின் பக்கம் சாய்வதே விவேகம்.

உருளையைக் கேளுங்கள்

இனித் தபாலதிபரின் முப்பத்தைந்து தௌவுக்கு வருவோம். பதினைந்துக்குக் கவலை வேண்டாம் என்றோம். முப்பத்தைந்து புறக்கணிக்கத் தக்கதன்று. ஆயினும் அந்தக் குற்றம் வளையத்தினுடையதா?

உருளை எங்கும் ஒரே அளவாகத் தேய்வதில்லை. மேல்வளையம் ஏறிவந்து திரும்பும் இடத்தில், அதாவது மேல்விளிம்புக்குச் சற்றுக் கீழே, தேய்வு மிகுதி. அங்கேதான் வெடிப்பின் அமுக்கமும் உஷ்ணமும் உச்சத்தில் நிற்கின்றன. பிஸ்டன் ஒரு கணம் நின்று திரும்புவதால் ஒயிற்படலமும் மெலிகிறது. அடிப்பகுதியில் வளையம் தொடாத சிறு பட்டி ஆண்டுகள் பல சென்றாலும் ஆதி அளவிலேயே இருக்கும். ஆகவே தேய்ந்த உருளை மேலே அகன்றும் கீழே ஒடுங்கியும் இருக்கும்.

இங்கே பள்ளிக்கூடத்து வட்டக் கணிதம் உதவுகிறது. விட்டம் ஒரு தௌ கூடினால் பரிதி மூன்று தௌவுக்குச் சற்று மேலாகக் கூடும். கூடிய பரிதி முழுவதும் வாயாகவே வெளிப்படும். உருளை எட்டுத் தௌ தேய்ந்திருந்தால் வாய் இருபத்தைந்து தௌ விரிந்து காட்டும்.

நாம் அன்று அங்கே இருந்தபடியால், அதே வளையத்தைப் பிஸ்டனின் தலையால் நேராகத் தள்ளி, உருளையின் அடியில் தேயாத பகுதிக்குக் கொண்டுபோய் அளக்கச் சொன்னோம். பத்துத் தௌ! பத்தோடு இருபத்தைந்தைக் கூட்டினால் முப்பத்தைந்து. கடைக்காரர் சரியான பொருளையே கொடுத்திருந்தார். பின்னர் நுண்மானியால் அளந்தபோதும் மேலே எட்டுத் தௌ தேய்வு இருந்தமை உறுதியாயிற்று.

பட்டறை இளைஞனின் யோசனைப்படி பெரிய வளையத்தை மேலே வைத்து, வாயைப் பத்துத் தௌவாக ராவிப் பூட்டியிருந்தால் என்ன நேர்ந்திருக்கும்? பிஸ்டன் கீழிறங்கும்போது பரிதி இருபத்தைந்து தௌ குறையும். வாயில் இருப்பதோ பத்து. மீதிப் பதினைந்துக்கு இடமேது? சூடேறுவதற்கு முன்பே நுனிகள் முட்டி வளையம் முறிந்திருக்கும். வாயை எப்போதும் வளையம் ஓடும் எல்லையின் மிக ஒடுங்கிய இடத்திலேயே அளக்கவேண்டும் என்ற விதியின் காரணம் இதுவே. இளைஞனும் தன் கையாலேயே இரு இடங்களில் அளந்து பார்த்தபின், "இப்பதான் விளங்குது, சேர்" என்று ஓவர்சைஸ் யோசனையைக் கைவிட்டான்.

தபாலதிபருக்கு இரண்டு வழிகள் இருந்தன. தேய்ந்த உருளையில் அந்தப் புதிய வளையங்களையே பூட்டினால் செலவு குறையும்; புகை சில காலம் அடங்கிப் பின் திரும்பும். உருளையைக் கடைந்து, அதற்கேற்ற பெரிய பிஸ்டனும் வளையமும் பூட்டினால் செலவு கூடும். எஞ்சின் மறுபிறவி எடுக்கும். தேய்வு மூன்று நான்கு தௌ அளவில் இருந்தால் முதல் வழியே போதும் என்று நாம் கூறியிருப்போம். எட்டுத் தௌ தேய்ந்த உருளைக்கு அது பொருந்தாது. மாதந்தோறும் நோயாளியை ஏற்றிச்செல்லும் கார் என்பதையும் எண்ணி, அவர் இரண்டாவது வழியைத் தெரிந்தார். உருளை ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தபடியால் பத்துத் தௌ கடைவது போதாமல், இருபது தௌ கடையப்பட்டது. புதிய பிஸ்டன்களுக்கு ஏற்ற இருபது தௌ வளையங்களே அப்போது சரியான வளையங்கள். உருளை மேலும் கீழும் ஒரே அளவாகிவிட்டமையால் எங்கு அளந்தாலும் வாய் பத்துத் தௌவே காட்டிற்று. முன்பு வாங்கியவற்றைப் பிரிக்காத உறைகளோடு கடைக்காரர் மாற்றிக்கொடுத்தார். பிரித்தது ஒன்றின் விலை மட்டுமே நட்டம். இன்று அந்தக் கார் புகையின்றி மட்டக்களப்புக்குப் போய்வருகிறது.

மற்றோர் இடைவெளி

வாயைப் பற்றிக் கவலைப்படுவோர் பலர் மறந்துவிடும் இன்னோர் இடைவெளி உண்டு. பிஸ்டனின் தவாளிப்பில் வளையம் மேலும் கீழும் அசைவதற்கு விடப்படும் தளர்வே அது. நாம் சொன்ன எஞ்சினுக்கு ஒன்றரை முதல் மூன்றரைத் தௌ.

வளையம் தன் வில்விசையால் மட்டும் வாயுவைத் தடுப்பதில்லை. வெடித்த வாயு இந்தத் தளர்வின் வழியாக வளையத்தின் முதுகுப்புறம் சென்று அதனைச் சுவரோடு அழுத்துகிறது. தப்பியோட முயலும் வாயுவே தன் வழியைத் தானே அடைத்துக்கொள்கிறது. தளர்வு அறவே இல்லாவிட்டால் வளையம் கரியால் ஒட்டி அசையாது நின்றுவிடும். மிஞ்சினால் வளையம் தவாளிப்புக்குள் துடித்து, ஒயிலை மேலே இறைக்கும். பழைய பிஸ்டனையே மீண்டும் பூட்டுவோர் தவாளிப்பின் கரியைச் சுத்தமாக நீக்கி, புதிய வளையத்தை அதில் வைத்து அளந்து பார்க்கவேண்டும். தவாளிப்பு தேய்ந்திருந்தால் புது வளையம் அங்கே பயன்படாது.

மணலும் மண்ணெண்ணெயும்

உருளையைத் தேய்ப்பவை எவை? நமது எழுவான்கரை, கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கும் மணல் நிலம். அந்த மணலின் பெரும்பகுதி வார்ப்பிரும்பினும் கடினமான படிகக்கல். காற்று வடிகட்டியைச் சுத்தஞ் செய்யாமலோ, கழற்றி எறிந்துவிட்டோ ஓட்டுபவர், உருளைக்குள் அரத்தூளைத் தூவுகின்றார். ஒரு நாளில் பல தடவை இயக்கிச் சந்தை வரை மட்டும் ஓட்டி நிறுத்துவதும் தீங்கே. எஞ்சின் சூடேறாமையால் எரிவில் உண்டாகும் நீரும் அமிலமும் சுவரில் படிந்து அரிக்கின்றன.

எரிபொருளும் தன் பங்குக்குத் தேய்க்கும். 1990ஆம் ஆண்டு போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணக் குடாநாட்டில் பெற்றோல் கிடைப்பது அரிதாயிற்று. அங்கே ஒஸ்ரின், மொறிஸ் கார்களைச் சில துளி பெற்றோல் விட்டு இயக்கி, பின்னர் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். அமுக்க விகிதம் குறைந்த பழைய எஞ்சின்களானபடியால் அவை அதனைப் பொறுத்தன. அந்தக் கார்கள் நோயாளரையும் பிணத்தையும் மணப்பெண்ணையும் சுமந்தன. ஆயினும் மண்ணெண்ணெய் முழுதும் ஆவியாவதில்லை. ஆவியாகாத பகுதி உருளைச் சுவரின் ஒயிலைக் கழுவிக்கொண்டு, வளையங்களைத் தாண்டிக் கீழே இறங்கி, தொட்டியிலுள்ள ஒயிலையும் நீர்த்துப்போகச் செய்யும். ஒயிலை அடிக்கடி மாற்றியவர்களின் எஞ்சின்கள் நின்று பிடித்தன. மாற்ற வழியற்றவர்களின் எஞ்சின்கள் தேய்ந்தன. பெற்றோலில் ஓடும் காரிலும் ஒயில் அளவு குறையாது ஏறினால், அல்லது முகர்ந்தால் எரிபொருள் மணத்தால், இதே நோய் என்று அறியலாம்.

பட்டறைக்குப் போகுமுன்

எஞ்சின் புகைத்தவுடன் பிரித்துவிடல் வேண்டாம். நீலப் புகையே ஒயில் எரிவதைக் காட்டும்; கரும்புகை எரிபொருள் மிகுதியைக் காட்டும். ஒவ்வோர் உருளையின் அமுக்கத்தையும் அளந்து, குறைந்த உருளையில் பிளக் துவாரத்தால் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டு மறுபடி அளக்கச் சொல்லுங்கள். அமுக்கம் ஏறினால் குறை வளையத்திலோ உருளையிலோ உண்டு. ஏறாவிட்டால் வால்வுகளைப் பாருங்கள். வால்வு தேய்ந்திருக்க வளையம் மாற்றிய செலவு வீண்.

பிரித்தபின், உருளையை மேலும் கீழும், நெடுக்கும் குறுக்குமாக அளந்த அளவுகளைக் கடதாசியில் எழுதித் தரும்படி கேளுங்கள். வளையத்தின் வாய் குறைந்தால் மெல்லிய அரத்தால், வெளியிலிருந்து உள்நோக்கி, சிறிது சிறிதாக ராவச் சொல்லுங்கள். உள்ளிருந்து வெளியே ராவினால் ஓரம் பெயரக்கூடும். ஓர் உருளைக்கு அளந்த வளையம் அந்த உருளைக்கே உரியது. மாறிவிடாதபடி அடையாளமிட்டு வைக்கவேண்டும். எழுத்துப் பொறித்த பக்கம் மேல்நோக்க வேண்டும். வாய்கள் ஒன்றன் கீழ் ஒன்றாக வராதபடி சுற்றிவரப் பங்கிட்டுப் பூட்டவேண்டும். ஓடும்போது வளையங்கள் மெல்லச் சுழலுமாகையால், பூட்டியபின் அவை எங்கே நிற்கின்றனவோ என்று மனத்தை அலட்டிக்கொள்ள வேண்டியதில்லை. முதல் 500 மைல் வரை மிதமான வேகத்தில், பாரமேற்றாது ஓட்டி, பின் ஒயிலை மாற்றினால் வளையமும் சுவரும் ஒன்றோடொன்று பழகிவிடும்.

இவ்வளவுக்கும் பெரிய இயந்திரசாலை வேண்டியதில்லை. ஒரு பீலர் கேஜ், ஒரு மெல்லரம், பதினாறு வளையங்களையும் ஒவ்வொன்றாக வைத்து அளக்க ஒரு பிற்பகற் பொழுது, இவையே தேவை. உருளையின் அளவை மட்டும் நுண்மானி உள்ள கடைச்சற் பட்டறையில் எடுத்துக்கொள்ளலாம். வளையம் விற்றவரோடும் பூட்டுபவரோடும் வாதாடுமுன், வாயை எந்த இடத்தில் அளந்தார்கள் என்று ஒரு கேள்வி கேளுங்கள். நூற்றுக்கணக்கில் செலவாகும் தவறுகளை அந்த ஒரு கேள்வி தடுத்துவிடும் என்று எண்ணவேண்டாம். இக்காலத்தில் அவை இலட்சக் கணக்கில் செல்பவை.